ரெக்ரூட்டரிடமிருந்து போன் வருகிறது, அதற்குப் பிறகு பதிலே இல்லை. எங்கே தவறு நடக்கிறது?

மூன்று வருட சாஃப்ட்வேர் டெஸ்டிங் அனுபவம் இருக்கிறது, நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பித்தால் போனும் வருகிறது, ஆனால் அதோடு நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கிண்டியில், கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு கன்சல்டன்சியில் அந்தப் போனைச் செய்யும் வேலையில் இருந்தவன் நான். அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் உங்கள் முதல் இன்டர்வியூ. பாதிப் பேர் அதை பஸ்ஸில் நின்றுகொண்டே பேசி முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் கையில் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும். மொத்த அனுபவம், கேட்ட டூலில் அனுபவம், இப்போதைய சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை), எதிர்பார்ப்பது, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்), ஊர். இதெல்லாம் நிரம்பினால்தான் ரெஸ்யூமே கம்பெனிக்குப் போகும். சம்பளம் கேட்டால் 'நெகோஷியபிள்' என்று நழுவினால் அந்தக் கட்டம் காலி. நாங்கள் அடுத்த ஆளுக்குப் போன் போட்டுவிடுவோம்.

அதனால் தொகையை முன்பே கணக்குப் போட்டு வையுங்கள், அதுவும் வருடக் கணக்கில். ஆறு லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் ஐம்பதாயிரம் கைக்கு வராது. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு (வழக்கமாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம்), கிராஜுவிட்டி, வேரியபிள் (வேலைத் திறனைப் பொறுத்துக் கூடிக்குறையும் தொகை) எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

நிறையப் பேர் விழுவது நோட்டீஸ் பீரியடில். பல ஐ.டி. கம்பெனிகளில் அது 90 நாள். ஆள் கேட்பவருக்கோ 30 நாளில் வேண்டும். சிலர் வாய்க்கு வந்தபடி '30 நாளில் வந்துடுவேன் சார்' என்று அடித்துவிடுவார்கள். பிறகு பழைய கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல், புதுக் கம்பெனி செய்யும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் திண்டாடுவார்கள். உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து பை-அவுட் (மீதி நாட்களுக்குப் பணம் கட்டி முன்பே விலகும் வசதி) உண்டா என்று பாருங்கள். உண்டென்றால், '90 நாள், ஆனால் பை-அவுட் இருக்கிறது' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வெறும் 'நைன்ட்டி டேஸ்' என்றால் பாதி ரெக்ரூட்டர்கள் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள், நானும் வைத்திருக்கிறேன்.

நௌக்ரியில் கடைசியாக யார் எப்போது ஆக்டிவாக இருந்தார்கள் என்று வடிகட்டித்தான் தேடுவோம். லாகின் செய்யாமல் கிடக்கும் புரொஃபைல் எங்கள் கண்ணிலேயே படாது. கம்பெனிக்குள் இருக்கும் நண்பரிடம் ரெஃபரல் (சிபாரிசு) கேட்பதானால் 'ஏதாவது ஓப்பனிங் இருக்கா மச்சி' என்று கேட்காதீர்கள், ஜாப் ஐ.டி.யோடு (அந்த வேலை அறிவிப்பின் எண்) ரெஸ்யூமேயை அனுப்புங்கள். பல இடங்களில் சிபாரிசு செய்பவருக்கும் போனஸ் உண்டு, கூச்சம் தேவையில்லை.

டெக்னிக்கல் ரவுண்டில் சிவியாரிட்டிக்கும் (பிழையின் பாதிப்பு எவ்வளவு) பிரையாரிட்டிக்கும் (அதை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும்) என்ன வித்தியாசம் என்று எப்படியும் கேட்பார்கள். நெட்டில் உள்ள விளக்கத்தை ஒப்பிக்க வேண்டாம். நீங்களே கண்டுபிடித்த ஒரு 'பக்'கை (சாஃப்ட்வேர் பிழையை) எடுத்துச் சொல்லுங்கள், டெவலப்பர் அதை ஒப்புக்கொள்ள மறுத்த கதையோடு.

அப்புறம், போனில் 'செலக்டட்' என்று யாராவது சொன்னதை நம்பிப் பேப்பர் போட்டுவிடாதீர்கள், அதாவது ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். சம்பளமும் சேரும் தேதியும் போட்ட ஆஃபர் லெட்டர் மெயிலுக்கு வரட்டும்.