வருந்துகிறேன் வேறு, மன்னியுங்கள் வேறு: வேட்பாளர்களும் டிவி நெறியாளர்களும்

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களைப் பற்றி நெறியாளர்கள் நியாயமில்லாமல் பேசுவது, பிறகு மன்னிப்புக் கேட்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். செய்தி டெஸ்க்கில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன, கேள்விகளே அங்கிருந்துதான் தொடங்கியிருக்கின்றன.

ஹிலாரி கிளின்டனிடம் அமெரிக்க டிவி நெறியாளர் கிறிஸ் மேத்யூஸ் கேட்ட மன்னிப்பை நல்ல உதாரணம் என்கிறார்கள். நிஜமாகவே நல்ல மன்னிப்பா? (வாசகர், திண்டுக்கல்)

பாதிக்கு மேல் நல்லது. என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

2008 ஜனவரி 8 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல். கருத்துக்கணிப்புகள் ஒபாமா பக்கம் நிற்க, ஹிலாரி ஜெயித்துவிட்டார். மறுநாள் காலை எம்.எஸ்.என்.பி.சி. செய்திச் சேனலின் 'மார்னிங் ஜோ' நிகழ்ச்சிக்கு வந்த மேத்யூஸ், ஹிலாரி செனட்டர் ஆனதற்கும், அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதற்கும், முன்னணியில் இருப்பதற்கும் ஒரே காரணம் அவருடைய கணவர் தப்பு செய்ததுதான் என்ற பொருளில் பேசினார். நியூயார்க் மாநில மக்கள் 2000லும் 2006லும் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு தேர்தல் வெற்றியையும் அனுதாப ஓட்டு என்று ஒரே மூச்சில் தள்ளிவிட்டார்.

பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. ஜனவரி 17 அன்று தன்னுடைய 'ஹார்ட்பால்' நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே மேத்யூஸ் இதைப் பேசினார். துரோகம் செய்த கணவரால் பாதிக்கப்பட்டவர் என்பதால்தான் ஹிலாரிக்கு இந்த அரசியல் வாழ்க்கையே கிடைத்தது என்கிற மாதிரி பேசியது நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். எதைச் சொன்னோம் என்பதை மறைக்காமல் திரும்பச் சொல்லி, அது தப்பு என்கிறார். முதல் பேச்சைக் கேட்காத பார்வையாளருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. எட்டு நாள் தாமதம். முன்தேர்தல் காலத்தில் எட்டு நாள் என்பது ரொம்ப நீளம், நெவாடா மாநிலத்தின் வாக்குப்பதிவு 19ஆம் தேதியே வந்துவிட்டது. அடுத்து, காலை நிகழ்ச்சியில் பேசியதற்கு மாலை நிகழ்ச்சியில் மன்னிப்பு. காலையில் காபியோடு டிவி பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவருக்கு அந்த மாலைப் பேச்சு எப்படிப் போய்ச் சேரும்? அப்புறம், தன் மனதில் நல்லெண்ணம்தான் இருக்கிறது என்று விளக்கப் போனதும் வேண்டாத வேலை. அவர் மனது எப்படிப்பட்டது என்பது அங்கே கேள்வியே இல்லை.

இதே மேத்யூஸ் 2020ல் இன்னும் நன்றாகச் செய்தார். பிப்ரவரி 22, சனிக்கிழமை நெவாடாவில் நடந்த ஜனநாயகக் கட்சி வாக்குப்பதிவில் பெர்னி சாண்டர்ஸ் ஜெயித்தபோது, அந்த வெற்றியை 1940ல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்ததோடு ஒப்பிட்டுவிட்டார். சாண்டர்ஸ் யூதர். அவருடைய அப்பா வழிச் சொந்தங்கள் பலரை நாஜிகள் கொன்றிருக்கிறார்கள். திங்கட்கிழமையே மேத்யூஸ் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் செனட்டர் சாண்டர்ஸ் என்று பெயர் சொல்லி அழைத்து, ஒப்பிட்டதற்கு நேராக மன்னிப்புக் கேட்டார். வெற்றி அவருக்குத் தகுதியானது என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டே நாள், யாரிடம் கேட்கிறோம் என்பதில் குழப்பம் இல்லை, நல்லெண்ணப் பேச்சும் இல்லை. ஆனால் மார்ச் 2 அன்று அவர் அந்த நிகழ்ச்சியை விட்டே விலகினார். பெண்களிடம் அவர் பேசிய விதம் பற்றி வந்த புகார்களும் அதற்குக் காரணம். அது தனிக் கதை.

"வருந்துகிறேன்" என்று சொன்னால் மன்னிப்புக் கேட்டதாக ஆகாதா? (வாசகர், மதுரை)

ஆகாது. மழை பெய்து கல்யாணம் கெட்டுப்போனாலும் நாம் வருந்துகிறோம், ஆனால் மழைக்கு நாம் பொறுப்பில்லை. மன்னியுங்கள் என்று சொல்கிற ஆள்தான் பொறுப்பை ஏற்கிறார்.

2023 பிப்ரவரி 16, சி.என்.என். காலை நிகழ்ச்சி. அதிபர் தேர்தலில் போட்டியிடப் போவதாக நிக்கி ஹேலி அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அவருக்கு வயது 51. நெறியாளர் டான் லெமன், பெண்களின் நல்ல பருவம் இருபதுகள், முப்பதுகள், போனால் நாற்பதுகள் என்றும் ஹேலி அதைத் தாண்டிவிட்டார் என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்த பாப்பி ஹார்லோ, எதற்கான பருவம் என்று அங்கேயே கேட்டார். லெமனோ கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். பிறகு ட்விட்டரில், அந்தப் பேச்சு பக்குவமற்றது, சம்பந்தமில்லாதது, வருந்துகிறேன் என்று எழுதினார். அதில் ஹேலியின் பெயர் இல்லை. சக ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டார், சில நாள் கழித்து நிகழ்ச்சிக்குத் திரும்பியபோது திரையில் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நேரலையில் கேட்டவர்களுக்கு நேரலையில் பதில் வரவே இல்லை. ஏப்ரலில் நிறுவனம் அவரை நீக்கியது.

இன்னொன்று, ஏ.பி.சி. டிவி விவகாரம். டிரம்ப் மேல் எழுத்தாளர் ஈ. ஜீன் கேரல் தொடுத்த வழக்கில் நடுவர் குழு பாலியல் அத்துமீறலுக்குத்தான் அவரைப் பொறுப்பாக்கியது. 2024 மார்ச் 10 பேட்டியில் ஏ.பி.சி. நெறியாளர் ஜார்ஜ் ஸ்டெஃபனோபோலஸ் வன்புணர்வுக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். இதற்காக டிரம்ப் தொடுத்த அவதூறு வழக்கு டிசம்பரில் சமரசமானபோது, டிரம்பின் அதிபர் நூலகத்துக்கு 1.5 கோடி டாலர், வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலர் என்று ஏ.பி.சி. ஒப்புக்கொண்டது. இவ்வளவு பணத்துக்குப் பிறகும், ஆன்லைன் கட்டுரையில் சேர்த்த குறிப்பு அந்த வார்த்தைகளுக்காக வருந்துகிறோம் என்றுதான் இருந்தது. வழக்கறிஞர்கள் அந்த ஒரு சொல்லை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை இதில் பார்க்கலாம்.

ஒரே ஒரு வார்த்தைக்காக எம்.எஸ்.என்.பி.சி. நிருபர் டேவிட் ஷஸ்டரை இடைநீக்கம் செய்தது அதிகமில்லையா? (வாசகர், சேலம்)

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2008 பிப்ரவரியில், அம்மாவுக்காகத் தொலைபேசியில் ஆதரவு கேட்டுக்கொண்டிருந்த செல்சி கிளின்டனைப் பற்றி, தரகு வேலையோடு சேர்த்துச் சொல்கிற கொச்சையான வார்த்தை ஒன்றை அவர் நேரலையில் பயன்படுத்தினார். வேட்பாளர் விமர்சனத்துக்கு வந்து நிற்கிறவர். மகள் அப்படி இல்லை. மறுநாளே ஷஸ்டர் திரையில் மன்னிப்புக் கேட்டார், அதை மதிக்கிறேன். அந்தச் சேனல் கிளீவ்லாண்டில் நடத்தவிருந்த வேட்பாளர் விவாதத்துக்கு வரமாட்டோம் என்று ஹிலாரி தரப்பு எச்சரித்தது. இரண்டு வார அளவில் ஷஸ்டர் திரும்ப வேலைக்கு வந்தார், விவாதமும் 26ஆம் தேதி நடந்தது. யாருடைய பிழைப்பும் கெடவில்லை.

சட்டப்படி மன்னிப்புக் கேட்க வைக்க முடியாதா? (வாசகர், கோவை)

அமெரிக்காவில் கிட்டத்தட்ட முடியாது. ஒளிபரப்பில் ஒருவரைத் தனிப்பட்ட முறையில் தாக்கினால் அவருக்குப் பதில் சொல்ல நேரம் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1969ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது, 2000ல் அந்த விதி போய்விட்டது. வேட்பாளர்களுக்குச் சமநேரம் என்ற விதி இன்றும் உண்டு. ஆனால் செய்தி நிகழ்ச்சிகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. அவதூறு வழக்கு என்றால், 1964 சல்லிவன் தீர்ப்புப்படி, பொய் என்று தெரிந்தோ உண்மையா என்று அக்கறையே இல்லாமலோ சொன்னார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதனால்தான் அங்கே வருகிற மன்னிப்புகள் பெரும்பாலும் பார்வையாளர்களும் சக ஊழியர்களும் கொடுக்கிற அழுத்தத்தால் வருகின்றன.

நம் நாட்டில்? (அதே வாசகர்)

2022 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். வயநாட்டில் தன் அலுவலகத்தைத் தாக்கிய இளைஞர்களைப் பற்றி ராகுல் காந்தி பெருந்தன்மையாகச் சொன்னதை, உதய்ப்பூர் கொலையாளிகளைப் பற்றிச் சொன்னதுபோல ஜீ நியூஸ் ஒளிபரப்பியது. மறுநாள் நெறியாளர் திரையில் மன்னிப்புக் கேட்டார். அதோடு முடியவில்லை, இரண்டு மாநில போலீஸ் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. போலீஸ் வருவதில் எனக்கு உடன்பாடில்லை. திருத்தத்துக்குச் சரியான இடம் திரைதான்.

புகார் செய்ய நினைத்தால், ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் முதலில் சேனலுக்கு எழுதுங்கள். தேதி, நேரம், பேசிய வார்த்தைகள் மூன்றும் கட்டாயம் வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் செய்திச் சேனல்களே அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.டி.எஸ்.ஏ.வுக்குப் போகலாம். அதன் உறுப்பினரான சேனல்களைத்தான் அது கட்டுப்படுத்தும். திரையில் மன்னிப்பு ஒளிபரப்பச் சொல்லவும் அதனால் முடியும். அது அப்போது விதித்துவந்த ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போதுமா என்று 2023ல் உச்ச நீதிமன்றமே கேட்டது.

நான் புது நிருபர். நேரலையில் ஒரு வேட்பாளரைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்? (வாசகி, திருநெல்வேலி)

நான் செய்த தப்பிலிருந்து சொல்கிறேன். ஓர் உள்ளாட்சித் தேர்தல். ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள், ஒருவர் மேல் மோசடி வழக்கு. இன்னொருவர் படத்தோடு அந்தச் செய்தியைக் கீழே ஓடும் ஸ்க்ரோலில் போட்டது நான். இரவு ஒன்பது மணி. பத்து நிமிடத்தில் அவருடைய தம்பி போன் செய்தார். கத்தவில்லை. "சார், அம்மா டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காங்க" என்றார், அவ்வளவுதான். ஸ்க்ரோலை எடுத்துவிட்டோம். திருத்தம் போகட்டுமா என்று கேட்டதற்கு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். காலை ஐந்தரை மணிச் செய்தியில் ஒரு வரி போனது. அந்த அம்மா அதைப் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அதனால், அந்த நிகழ்ச்சி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். விசாரித்துவிட்டுச் சொல்வோம் என்று இழுக்காதீர்கள். 2004ல் அதிபர் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றி, உண்மையானவை என்று நிரூபிக்க முடியாத ஆவணங்களை சி.பி.எஸ். டிவி காட்டியது செப்டம்பர் 8 அன்று, அதன் நெறியாளர் டான் ராதர் மன்னிப்புக் கேட்டது 20ஆம் தேதி. நடுவில் பன்னிரண்டு நாள் அந்தச் செய்தி சரிதான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் என்று தொடங்க வேண்டாம். இப்படிச் சொல்லலாம்: "சற்று முன் இந்த வேட்பாளர் மேல் மோசடி வழக்கு இருப்பதாகச் சொன்னேன். அது தவறு. அவர் மேல் அப்படி வழக்கு எதுவும் இல்லை. சொன்னது நான். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." இருபது நொடி போதும். முடிந்ததும் அந்த வேட்பாளர் வீட்டுக்கு நீங்களே ஒரு போன் செய்யுங்கள்.