மட்டியில் துளை போட்டது யார்?

ஓகஸ்ட் விடுமுறை முடிந்தால் போதும், மலையகத்திலிருந்து வரும் கேள்விகளில் உப்புக்காற்று அடிக்கும். இந்த முறையும் அப்படித்தான்.

நிலாவெளியில் மகள் பொறுக்கிய மட்டி ஓடுகள் பலவற்றில் அழகான வட்டத் துளை. மாலை கோக்க யாரும் துளைத்ததா? (ஹட்டன் வாசகி)

இல்லை அம்மா, அது நிலா நத்தையின் கைவரிசை. (நிலாவெளியில் நிலா நத்தை, பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.) காலுக்குள் கடல்நீரை ஏற்றி உப்பவைத்து, அதையே கலப்பையாக்கி மணலுக்கடியில் உழுதுகொண்டு போகும் பிராணி இது. மட்டி அகப்பட்டால் அதே காலால் போர்த்திப் பிடித்துக்கொள்ளும். அமிலம் கசியும் ஓர் உறுப்பை ஓட்டில் வைத்து இளக்கும். அப்புறம் பல் வரிசை பதித்த நாக்கால் சுரண்டும். மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல். நாள் முழுக்க மெனக்கெட்டாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம் தேறுவது கடினம். துளை விழுந்ததும் தும்பிக்கை போன்ற வாயை நுழைத்துச் சதையைத் தின்னும். தன் இனத்தையே இப்படித் தின்பதும் உண்டு.

மகளிடம் ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வெளியே அகலமாக, உள்ளே குறுகி, புனல் மாதிரி இருக்கும். பாதியில் நின்ற குழி தெரிந்தால், அந்த நேரம் வேட்டை தடைப்பட்டது என்று அர்த்தம்.

கரையில் ரப்பர் மாதிரி வளைந்த மணல் பட்டி கிடந்தது. குப்பையா? (பதுளை)

குப்பை இல்லை, அதே நத்தையின் முட்டைகள். சளியில் மணலைக் குழைத்து, நடுவில் முட்டைகளை வைத்து, சட்டைக் கொலர் போல வளைத்துவிடும். ஈரமாக இருக்கும்போது வளையும், காய்ந்தால் பொடியும். முழுசாகக் கண்டால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

கோவாப் பாத்தி நத்தை உப்புப் பட்டால் கரைகிறதே, கடல் நத்தை மட்டும் எப்படி? (நுவரெலியா)

நல்ல கேள்வி. உண்மையில் அது கரைவதில்லை. உடம்பிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. கடல் நத்தையின் உடல்நீரில் ஏறக்குறைய கடலளவு உப்பு இருப்பதால் அங்கே இழுபறியே இல்லை. அதை நம் பீலித் தண்ணீரில் போட்டால்தான் ஆபத்து: நீர் உள்ளே புகுந்து ஊதிச் செத்துவிடும்.

ஒன்றைப் போத்தலில் கொண்டுவந்து வளர்க்கலாமா? (பண்டாரவளை மாணவன்)

வேண்டாம் தம்பி. சின்ன வயதில் நானும் கொண்டுவந்தேன். கண்டி தாண்டுமுன்பே பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார்.