4294967297 பகா எண்ணா?

இல்லை. 641 × 6700417 = 4294967297. இந்த இரண்டு காரணிகளும் பகா எண்கள்.

இந்த எண் 2³² + 1. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்பதால், அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அதைத் தகர்த்தார். இதன் பகாக் காரணி எதையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது அவர் தந்த வழி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது!

வகுக்காமலேயே சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பதும் −1 என்பதும் ஒன்றுதான். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. அப்புறம், 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² என்பது 1 ஆகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது.

இன்னொரு அழகு: இது 65536² + 1². அதேசமயம் 62264² + 20449². பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதவே முடியாது.