கேள்வி நேரம்: பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மூன்று எண்ணுகிறது

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு புரோகிராம் பலகையில் 2ஆம் பின்னுக்கும் (இணைப்பு முனை) 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். கையை அருகில் கொண்டுபோனாலே எல்.இ.டி. மாறுகிறது. அழுத்தினால் ஒன்றுக்கு மூன்றாக எண்ணுகிறது. புரோகிராமில் பிழையா?

பதில்: இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். பொத்தான் திறந்திருக்கும்போது 2ஆம் பின் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. அறையின் மின்கம்பி இரைச்சலைக்கூட அது உள்வாங்கிக்கொள்ளும். 5 வோல்ட் வயரைக் கழற்றி கிரவுண்டில் (0 வோல்ட் முனை) செருகுங்கள். பின்னின் வேலையைத் தீர்மானிக்கும் 'பின்மோடு' கட்டளையில் 'இன்புட் புல்லப்' என்று கொடுங்கள். சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டில் பிடித்துவைக்கும். இனி அழுத்தினால் 0, விட்டால் 1. இந்தத் தலைகீழ் கணக்கை புரோகிராமில் பின்னைச் சோதிக்கும் 'இஃப்' வரியிலும் மாற்ற மறக்காதீர்கள். நான்கு கால் பொத்தானில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்திருக்கும். மூலைவிட்டமாக எதிரெதிர்க் கால்களை எடுத்தால் தவறாது.

மூன்றாக எண்ணுவது பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடு துள்ளுவதால். சில மில்லிசெகண்டுக்குள் பலமுறை தொட்டு விலகும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப் அத்தனையையும் பார்த்துவிடும். மாற்றம் தெரிந்ததும் 'மில்லிஸ்' (புரோகிராம் தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிசெகண்டுகள்) மதிப்பைக் குறித்துக்கொண்டு, 30 மில்லிசெகண்ட் அதே நிலை நீடித்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மதிப்பை வைக்கும் மாறி, பெரிய எண்களைத் தாங்கும் 'அன்சைன்டு லாங்' வகையாக இருக்கட்டும். ஊனோவில் 'இன்ட்' வகை மாறி 32,767 வரைதான் தாங்கும். 33 நொடிக்குள் கணக்கு குழம்பிவிடும். 'டிலே' என்ற காத்திருப்புக் கட்டளை போட்டும் சமாளிக்கலாம், ஆனால் அந்த நேரம் முழுக்க மற்ற வேலைகள் நின்றுபோகும்.