லாபம் இருக்கு, காசு எங்க?

கேள்வி: எங்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனில நானும் ஒரு டைரக்டருங்க. மாங்கா சீசன்ல 12 லட்சம் லாபம்னு கணக்கு காட்டுது, பேங்க்ல பாத்தா சம்பளம் போடவே காசில்ல. கேட்டா "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரு"ங்கறாங்க. சரிதானா?
- வாசகர், பர்கூர்

பதில்: கணக்கு பொய்யா இருக்கணும்னு இல்லீங்க. பெங்களூரா ரக மாங்காயை மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஏத்தி பில் போட்டவுடனே அது வருமானமா ஏறிடும், பணம் தீபாவளிக்கு வருதா பொங்கலுக்கு வருதான்னு லாபக் கணக்குக்கு கவலையே இல்ல. அதனால பேலன்ஸ் ஷீட்ல (கம்பெனியோட சொத்து, கடனை காட்டற கணக்கு) வரவேண்டிய பாக்கின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, போன வருஷத்தைவிட எவ்ளோ ஏறியிருக்கு, 90 நாளுக்கு மேல யார் யார் இழுத்தடிக்கிறாங்கன்னு லிஸ்ட் கேளுங்க (மூஞ்சிய சுளிப்பாங்க, பரவால்ல). விக்காத சரக்குல காசு முடங்கியிருக்கலாம், கடன் தவணை கட்டினதுலயும் போயிருக்கலாம். சின்ன கம்பெனிக்கு கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்ட் (காசு எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு காட்டற கணக்கு) கட்டாயமில்ல, ஆனாலும் மாசாமாசம் வரவு செலவை ஒரே பேப்பர்ல எழுதி வாங்கிடுங்க.

அப்புறம், ஆடிட்டர் பாத்துக்குவாருங்கறது சுத்த தப்பு. 2013 கம்பெனி சட்டப்படி டைரக்டருங்க நீங்கல்லாம் சேந்த போர்டு ஒப்புதல் குடுத்து கையெழுத்து போட்ட கணக்கு மேலதான் அவரு ரிப்போர்ட்டே எழுதுவாரு. அடுத்த சீசனுக்கு அதே ஃபேக்டரிக்கு கடன்ல காய் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த பாக்கி லிஸ்ட்டை போர்டு மீட்டிங்ல வைங்க.