ஏற்காட்டில் ராஸ்பெர்ரி பை 4க்கு 33 வாட் ஃபோன் சார்ஜர் போதுமா?

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு), அதில் யூஎஸ்பி கேமராவும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கும் ஓடுகின்றன. 33 வாட் ஃபோன் சார்ஜர் போட்டும் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. மலை மேல் ஈபி வோல்டேஜ் குறைவதாலா? பை 5க்கு மாறினால் சரியாகுமா?

பதில்:

முதலில் அந்த 33 வாட்டை மறந்துவிடுங்கள். சார்ஜரைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 11 வோல்ட் 3 ஆம்ப் என்று ஒரு வரி இருந்தால் அதுதான் அந்த 33 வாட், அது ஃபோனுக்கு. பை 4 கேட்பது 5 வோல்ட் மட்டும்தான், அதனால் உங்களுக்கு வேண்டியது 5 வோல்ட்டுக்கு நேராகப் போட்டிருக்கும் ஆம்ப். பல வேக சார்ஜர்களில் அது 2 ஆம்ப்தான். பை 4க்கு 3 ஆம்ப் அடாப்டர் போடச் சொல்கிறார்கள்.

ஆனால் நான் அடாப்டரைவிட அதிகமாகச் சந்தேகப்படுவது கேபிளைத்தான். போர்டுக்கு வந்து சேரும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போனால் பை அதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் இறங்கினால் ரீஸ்டார்ட். 5லிருந்து 4.63 எவ்வளவு தூரம் சொல்லுங்கள்! மெலிசான கேபிளில் உள்ளே 28 கேஜ் கம்பி இருக்கும், மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு கம்பி, ஆக ஒரு மீட்டர் கேபிளில் 1 ஆம்ப் ஓடினாலே 0.4 வோல்ட் வழியிலேயே காலி. 2 ஆம்ப் இழுத்தால் 0.8க்கு மேல். அதே நீளத்தில் தடித்த 20 கேஜ் கம்பி (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்) என்றால் 2 ஆம்ப்புக்கும் 0.13தான் போகும். ராஸ்பெர்ரி பைக்காரர்களின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட்டாக, பிரிக்க முடியாத தடித்த கேபிளோடு வருவதன் அருமை இங்கேதான் தெரியும்.

நாகலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்தில் இதே கதை. காபி காயவைக்கும் களத்தைப் பார்த்தபடி கேமரா, பிளக் பாயிண்ட் தூரத்தில் இருந்ததால் மூன்று மீட்டர் யூஎஸ்பி கேபிள். அடாப்டர் நல்ல 3 ஆம்ப்தான். பையின் 4ஆம் பின்னிலும் (5 வோல்ட்) 6ஆம் பின்னிலும் (கிரவுண்ட்) ஆளுக்கொரு ஜம்பர் ஒயரைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தோம் (மீட்டர் ஒயரின் கூர்முனையை நேராகப் பின்னில் வைக்காதீர்கள், 5 வோல்ட்டும் கிரவுண்டும் பக்கத்துப் பக்கத்தில், வழுக்கினால் ஷார்ட்). சும்மா இருக்கும்போது 4.8 காட்டியது, வேலை கொடுத்ததும் 4.5க்கு இறங்கிவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து 230 வோல்ட்டைப் பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குட்டைக் கேபிள் அடாப்டர் போட்டதும் 5க்கு மேலேயே நின்றது. நீளம் வேண்டுமென்றால் 230 பக்கம் நீட்டுங்கள், 5 வோல்ட் பக்கம் நீட்டவே கூடாது.

மீட்டர் இல்லையா, பரவாயில்லை. போர்டில் உள்ள சிவப்பு எல்ஈடி அணைந்து அணைந்து எரிந்தாலோ, திரையில் மின்னல் குறி வந்தாலோ, டெர்மினலில் டி-எம்-இ-எஸ்-ஜி கமாண்ட் அடித்து அதில் அண்டர்வோல்டேஜ் என்ற வரி இருந்தாலோ விஷயம் இதுதான்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். பை 4ன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்ப்தான் கிடைக்கும், டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் அது ஒன்றே 1 ஆம்ப் அளவுக்கு இழுக்கலாம், கூடவே கேமரா வேறு. எவ்வளவு பெரிய அடாப்டர் போட்டாலும் இந்த 1.2 மாறாது. தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஹப் வாங்கி டிஸ்கை அதில் மாட்டுங்கள்.

ஈபி மேல் பழி போடுவதற்கு முன்னால் அடாப்டரில் இன்புட் 100-240 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டில் 170 வந்தாலும் அது 5 வோல்ட் கொடுத்துவிடும், ஸ்டெபிலைசர் தேவையில்லை. கரண்ட் பட்டென்று போய் வருவது வேறு பிரச்சினை, பை எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் அந்தக் கார்டு கெட்டுவிடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதில் போட்டுப் பையை அந்த லைனுக்கு மாற்றுங்கள். கோடை மழை இடிக்கு அதுவும் காவல் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மலையில் இடி தொடங்கினால் அடாப்டரையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான் சரி.

பை 5 இதைத் தீர்க்காது. அது 5 வோல்ட்டிலேயே 5 ஆம்ப் கேட்கும், 3 ஆம்ப் அடாப்டர் போட்டால் யூஎஸ்பிக்கு மொத்தமே 0.6 ஆம்ப்தான் விடும், உங்கள் டிஸ்குக்கு இன்னும் மோசம். 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் 3 ஆம்ப்போடு நின்றுவிடும். பை 4லேயே இருங்கள், அடுத்த முறை சேலத்துக்கு இறங்கும்போது அடாப்டரும் ஹப்பும் வாங்கிவிடுங்கள். மாட்டிய பிறகு டிஸ்க் ஓடும்போது அந்த இரண்டு பின்னில் எவ்வளவு காட்டுகிறது என்று கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.