வாசகர் கேள்வி: பன்னிரண்டு பழைய கணினிகள்

கேள்வி: அக்கா, எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓர் அலுவலகத்தார் பன்னிரண்டு பழைய கணினிகள் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் இருப்பது விண்டோஸ் 10. அடுத்து வந்த விண்டோஸ் 11 இவற்றில் ஏறாதாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்கிறான் ஒரு மாணவன். சும்மா கிடைப்பது உருப்படியாக இருக்குமா என்று கமிட்டியில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, அந்தப் பையன் சொல்வதைக் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதற்காக நல்ல கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

காசு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் சாட்ஸ்வர்த்தில் பள்ளி நூலகராக இருந்த எனக்கு வேறொரு காரணம் உண்டு. எங்கள் நூலகப் பட்டியலை ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தோம். ஒரு வருடம் சந்தா கட்டப் பணமில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது பட்டியல் திறக்கவில்லை. நாங்களே தட்டச்சு செய்த புத்தக விவரம், எங்கள் கண்ணுக்கே காட்டவில்லை! பழைய அட்டைகளை ஒரு டிராயரில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு விடுமுறை உட்கார்ந்து, அட்டை அட்டையாக மறுபடி அடித்தோம். விரல் நுனியெல்லாம் தூசி. அன்றைக்கு முடிவு செய்தேன்: பள்ளியின் தகவல் பள்ளியின் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் கோஹாவுக்கு மாறினோம். நியூசிலாந்தின் சிறிய நூலகம் ஒன்றுக்காக 1999இல் எழுதத் தொடங்கிய நூலக மென்பொருள் அது; லினக்ஸ் போலவே இலவசம். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பட்டியலைப் பொதுவான வடிவத்தில் வெளியே எடுத்து வேறெதிலும் ஏற்றலாம்.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் ஒன்றான உபுண்டுவின் பெயரோ நம் ஊர்ச் சொல். மனிதர் மனிதரால்தான் மனிதர் என்று ஜூலு மக்கள் சொல்வார்களே, அந்த உபுண்டு. 2002இல் விண்வெளிக்குப் போய் வந்த தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தொடங்கி வைத்தது. அப்போதெல்லாம் எழுதிக் கேட்டால் குறுந்தகடு தபாலிலேயே வரும், செலவில்லாமல். எனக்கு வந்த உறையில், நகலெடுத்து மற்றவருக்கும் கொடுங்கள் என்ற அனுமதி இருந்தது. நூலகத்துக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? வகுப்பில் பழகியதை ஒரு குழந்தை பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திருட்டு நகல் என்ற பேச்சே இல்லை.

தமிழ் வகுப்புக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள். என் பேத்திக்கு ஏழு வயது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினாள். திரையில் ‘அம்மா’ வந்தது. நடுவில் புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்துவிட்டு, "நான் போடலையே!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவர்களுக்கு விளையாட்டாகப் பாடம் சொல்லும் ஜிகாம்ப்ரி, கட்டுரை, கடிதம் எழுத லிப்ரேஆபீஸ் போதும். இணையம் இல்லாத நேரத்துக்கு கிவிக்ஸ் என்ற மென்பொருளில் விக்கிப்பீடியாவை இறக்கி வையுங்கள். டேட்டா விலைதான் தெரியுமே.

சிக்கல்களையும் சொல்ல வேண்டும். பழைய பிரிண்டர், ஸ்கேனர் சில ஒத்துழைக்காது, முதலில் சோதியுங்கள். நினைவகம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் உபுண்டு திணறும், அதன் இலகுவான வகையான லுபுண்டு போடுங்கள். உயர்நிலைப் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் பிள்ளைகள், தேர்வுக்குக் கேட்கும் மென்பொருளையும் பழகத்தான் வேண்டும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கட்டாயம். அந்தப் பையனையே கேளுங்கள், கூட இன்னொருவரையும் பழக்குங்கள்.

சரி, கமிட்டிக்கு: ஒரே ஒரு கணினியை எடுங்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே எதுவும் அழியாது. அடுத்த கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்து, ஒரு குழந்தையை உட்காரச் சொல்லுங்கள்.